கனடாச் சட்டத்தரணிக்குக் களுவாஞ்சிகுடியில் முற்பணமா?

"கனடாவில் அகதிக் கோரிக்கை வைப்பவருக்கு இலவசச் சட்ட உதவி கிடையாது, இங்கேயே முகவரிடம் பணம் கட்டிச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்ய வேண்டும்" என்றொரு குரல்பதிவு களுவாஞ்சிகுடி முதல் கல்முனை வரை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சொல்லப்படும் இரண்டுமே தவறு.

நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், வருமானம் குறைந்த அகதிக் கோரிக்கையாளர் 'லீகல் எய்ட் ஒன்ராறியோ' அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் சட்டத்தரணியின் கட்டணத்தை அதுவே செலுத்தும். ரொறன்ரோவில் வருமானம் குறைந்த தென்னாசியருக்கென்றே ஒரு சட்ட உதவி நிலையமும் இயங்குகிறது. குடிவரவு விண்ணப்பப் படிவங்களோ கனடிய அரசின் இணையத்தளத்தில் இலவசம். அதையும் விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

கனடிய குடிவரவு விடயங்களில் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல மாகாணச் சட்டச் சங்க உறுப்பினர்கள் (சட்டத்தரணிகள் போன்றோர்), கியூபெக் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் ஆகியோருக்கே அனுமதி உண்டு. ஆலோசகரின் பெயரைப் பொதுப் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

அயலில் ஒரு தாய் காட்டிய பற்றுச்சீட்டு அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதப்பட்டிருந்தது. தொகை இருந்தது, கையெழுத்து இருந்தது, உரிம இலக்கம் இல்லை. இப்படியானவர் விசா விண்ணப்பத்தில் பொய் எழுதினால் மாட்டுப்படுவது விண்ணப்பதாரர்தான். அவர் கனடாவுக்குள் நுழைய 5 ஆண்டுத் தடை விதிக்கப்படலாம்.