முதலில் ஒருக்கா விதிப்படி விளையாடிப் பாருங்க

தி குவைட் இயர் விளையாட்டில் கலந்துரையாடிவிட்டு முடிவை எப்படி எடுப்பது என்று இன்பொக்ஸில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகுது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்டது. வழமையான 52 காட்ஸ்தான், ஒரு வெள்ளைத்தாளில் ஊரின் வரைபடத்தைக் கீறிக் கீறி ஒரு வருசத்தை ஓட்டவேண்டும், காட் ஒன்றுக்கு ஒரு கிழமை. ஆளுக்கொரு பாத்திரம் கிடையாது, எல்லாரும் சேர்ந்துதான் ஊர்.

சந்தேகமெல்லாம் கலந்துரையாடலில்தான். உங்கள் முறை வரும்போது ஊரைக் கூட்டிக் கதைக்கலாம். இடப்பக்கத்து ஆளிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒரு தடவை, ஒன்றிரண்டு வசனம். கேள்வி கேட்டுத் தொடங்கினால் கடைசியில் நீங்களும் சொல்லலாம், கருத்தாகவே சொல்லித் தொடங்கினால் உங்களுக்கு அதோடு சரி. அப்புறம்? ஒன்றுமில்லை. வாக்கெடுப்பு இல்லை, தொகுப்புரை இல்லை, அடுத்த ஆள் காட் எடுக்கவேண்டியதுதான். "அப்ப முடிவு எப்பிடி எடுக்கிற?" என்று கேட்காத ஆளில்லை. எடுக்கிறதில்லை மச்சான்.

மட்டக்களப்புக் கல்லடியில் விளையாடியபோது எங்கட வாவியையே தாளில் கீறினோம். மாரி வெள்ளத்தில் வயல் தாழுது, வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டித் திறப்பமா என்று ஒருத்தி கேட்டாள். வெட்டாட்டி நெல் போச்சு என்றான் ஒருவன், இப்பவே வெட்டினா இறால் எல்லாம் கடலுக்குப் போயிரும் என்றான் மற்றவன். அவ்வளவுதான். அடுத்து முறை வந்தவன் யாரையும் கேட்காமல் வெட்டுற வேலையைத் தொடங்கினான், வேலை முடிய இரண்டு கிழமை என்று காட்ட லூடோ கட்டை படத்தில் ஏறியது. இறால்காரன் பேசாமல் கிண்ணத்தில் இருந்து புளியங்கொட்டை ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்தான். தன்னை மதிக்கவில்லை என்று பட்டால் எடுக்கிற வில்லை அது, எங்களிடம் இருந்தது புளியங்கொட்டை. வாக்கெடுப்பு வைத்திருந்தால் அந்தக் கொட்டைக்கு என்ன வேலை? "எங்கட ஆக்களுக்கு ஏத்தமாதிரி" என்று பெரும்பான்மை விதியைச் செருகுகிறவர்கள் மேல் எனக்குக் கடுப்பு வருவது இதனால்தான். 304 என்ற காட்ஸ் விளையாட்டுக்கு வீட்டுக்கு வீடு விதி மாறும், காட் போடமுதல் பேசிக்கொண்டால் போதும், இங்கே அது சரிவராது.

விளையாட்டில் கடைசியாக வருகிற பனிக்காலத்தை மாரி என்று வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். ஆட்டின் (ஹார்ட்ஸ்), டயமன், கிளாவர் (கிளப்ஸ்), ஸ்பேட் என்று நாலு பருவம், ஒவ்வொன்றையும் தனியாகக் கலைத்து அந்த வரிசையிலேயே அடுக்குங்க, மொத்தமாகக் கலைக்கவேண்டாம். ஸ்பேட் ராசா வந்த கையோடு ஆட்டம் முடிந்தது. ஸ்பேட்டில் முதல் காட்டாகவே அவர் வந்தாலும் அதேதான், பாதியில் நிற்கிற வேலை பாதியிலேயே நிற்கும், "இன்னும் ஒரு சுற்று" கேட்கக்கூடாது.

நாலு பேருக்கு மேல் கூட்டவேண்டாம். மூன்று நாலு மணித்தியாலம் போகும், இராச்சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே வாங்க.