ப்ளூ லகூனுக்குக் கார் எதற்கு?

டர்பனில் ஆற்றங்கரை என்றாலே நம்ம ஆட்களுக்கு ப்ளூ லகூன்தான். ஞாயிறு மத்தியானம் போய்ப் பாருங்கள். கார் கதவெல்லாம் திறந்து கிடக்கும், பாட்டு காதைப் பிளக்கும், டிக்கியில் பிரியாணிச் சட்டி இருக்கும். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டமே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். 232 கிலோமீட்டர் ஓடிவந்த உம்கேனி ஆறு அங்கேதான் கடலில் கலக்கிறது. அதன் ஓரமாக நூறு அடி நடக்கிறவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"கார் இல்லாமல் அங்கே எப்படிப் போவது?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. தாராளமாகப் போகலாம். மேடு கிடையாது, படி கிடையாது, எழுபது வயதுக்காரரும் நடக்கலாம். திரும்பி வர வண்டி எத்தனை மணி வரை கிடைக்கும், ஆற்றில் வற்றம், அதாவது கடல் இறங்கித் தண்ணீர் குறையும் நேரம், எப்போது, முந்தின மூன்று நாளில் பெரிய மழை பெய்ததா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். கிளம்பும் நேரத்தை அதற்குப் பிறகு முடிவு செய்தால் போதும்.

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் எங்கிருந்து வந்தாலும் முதலில் டவுனுக்குப் பஸ்ஸோ, பல பேரை ஏற்றிப் போகும் மினிபஸ் டாக்சியோ பிடியுங்கள். டவுனிலிருந்து பீப்பிள் மூவர் பஸ்ஸில் கடற்கரைக்கு வந்து சன்கோஸ்ட் கேசினோ பக்கம் இறங்க வேண்டும். அந்தப் பஸ் ஒழுங்காக ஓடும் காலமும் உண்டு, ஓடாத காலமும் உண்டு. அன்றைக்கு வரவில்லை என்றால் டாக்சியில் நார்த் பீச் வரை வந்துவிடுங்கள். அங்கிருந்து சன்கோஸ்ட் சுமார் ஒரு கிலோமீட்டர், அதுவும் நல்ல நடைபாதை.

டாக்சியில் பழக்கமில்லாதவர்களுக்கு: ராங்கில் (டாக்சி நிலையத்தில்) வண்டி நிரம்பினால்தான் நகரும், அவசரப்பட்டுப் பயனில்லை. காசை முன்சீட்டுக்கு நீட்டுங்கள். கை மாறி மாறி முன்னால் போய், மிச்சம் அதே வழியில் திரும்பி வரும். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் வண்டி முழுக்கக் கணக்குப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழும், கணக்கில் புலி இல்லை என்றால் பின்னால் போய்விடுங்கள். பெரிய நோட்டு வேண்டாம், சில்லறை போதும். இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே "ஆஃப்டர் ரோபோ" என்று உரக்கச் சொல்ல வேண்டும், ரோபோ என்றால் இங்கே சிக்னல் விளக்கு. வாய்க்குள் முனகினால் அடுத்த ரோபோ தாண்டித்தான் இறங்குவீர்கள்.

சன்கோஸ்டிலிருந்து வடக்கே நடந்தால் பேட்டரி பீச், கண்ட்ரி கிளப் பீச், அப்புறம் ஆற்று முகம். மூன்று கிலோமீட்டருக்குள்தான். நிதானமாகப் போனால் முக்கால் மணி நேரம். நடைபாதையில் நிழல் கிடையாது என்பதால் தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். வடகிழக்குக் காற்று பெரும்பாலும் மத்தியானத்தில்தான் பலமாக வீசும். காலையில் வடக்கே நடந்து முடித்துவிட்டால், திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். மாற்றிச் செய்பவர்கள் கண்ணில் மணலோடு வீடு போய்ச் சேருவார்கள்.

எனக்கு ஒரு கோபம் உண்டு. கடற்கரைப் பஸ் சன்கோஸ்டோடு நிற்கிறது. இன்னும் மூன்று கிலோமீட்டர் நீட்டினால் ஆறு வந்துவிடும். கார் வைத்திருப்பவனுக்கு ஆற்றங்கரையிலேயே பார்க்கிங் போட்டுக் கொடுத்த ஊரில், பஸ்ஸில் வரும் பாட்டிக்கு ஒரு நிறுத்தம் வைக்க முடியாதா? வார இறுதிக்கு மட்டுமாவது விடலாம்.

வற்றத்துக்கு வருவோம். ஏற்றத்தில் போனால் வெறும் பழுப்புத் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். வற்றத்தில் சேற்றுத் திட்டுகள் வெளியே வரும், பறவைகள் இரை தேடி இறங்கும். இதற்குச் செயலி எல்லாம் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டர் போதும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை பத்து மணி வாக்கில் நல்ல வற்றம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் கழித்து அஷ்டமி வாக்கில் அதே பத்து மணிக்கு ஆறு நிறைந்து நிற்கும். அமாவாசைக்கு விரதம் இருப்பவர்கள் பூஜையை முடித்துவிட்டு அப்படியே கிளம்பினால் நேரம் கச்சிதமாக இருக்கும்.

வற்றத்தில் கூழைக்கடா, கரண்டிவாயன், பெரிய கொக்கு வகைகள் எல்லாம் திட்டில் நிற்பதைப் பார்க்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் உள்ளான் குருவிகளும் சேரும். எதிர்க்கரையில் தெரியும் பச்சை பீச்வுட் அலையாத்திக் காடு. அலையாத்தி வேர் இருக்கும் சேற்றோரமாக இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். வெறும் துளையாகத் தெரிந்த இடத்திலிருந்தெல்லாம் நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பு அளவுக்குப் பெரியது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். உங்கள் நிழல் விழுந்த கணத்தில் அத்தனையும் உள்ளே போய்விடும். அதனால் வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்பதே நல்லது.

அடுத்தது மழை. பெரிய மழை பெய்த பிறகு மூன்று நாளாவது ஆற்று முகத்துப் பக்கம் போகாதீர்கள். மேலேயிருந்து வரும் பிளாஸ்டிக், மூங்கில், சாக்கடை எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். மழை இல்லாத நாளிலும் காலை நனைக்க வேண்டாம், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரைத் தொடவே வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மூன்று நாள் துடுப்புப் போட்டு இங்கே வந்து முடிக்கும் டூசி படகுப் பந்தயம் 1951 முதல் நடக்கிறது. அதில் கலந்துகொள்பவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு 'டூசி கட்ஸ்' என்று பெயரே உண்டு என்றால் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கழிவுநீர் நிலையங்கள் உடைந்து, கடற்கரைகளைப் பல மாதம் மூடி வைத்தார்கள்.

இந்த ஆறு நம்மை முன்பும் அடித்திருக்கிறது. 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி கரையேறி, ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த நம் ஜனங்களின் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. வலைப்படகு வைத்திருந்த ஆறு மீனவர்கள், படவட்டன் அறுவர் என்று பேர் பெற்றவர்கள், அந்த வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் படகை விட்டு 176 பேரைக் கரைசேர்த்தார்கள். அதே பக்கத்தில்தான் டின் டவுன் தகரக் குடிசைகள் இருந்தன. 1976 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் பீனிக்ஸுக்குப் போயின. உம்கேனி ரோடு வைத்தியநாத ஈஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேருக்கு ஆறு இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியும்?

அதற்காகக் கோயிலிலிருந்து ஆற்று முகம் வரை கரையோரமாகவே நடந்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கானாட் பாலத்துக்கும் ஆத்லோன் பாலத்துக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் குறைவு, பாலத்தடியில் வழிப்பறி பயம் உண்டு. ஆற்று முகத்திலிருந்து எல்லிஸ் பிரவுன் பாலத்தைச் சுற்றித் தூண்டில்காரர்கள் நிற்கும் தூரம் வரை போதும். அவர்கள் இல்லாத இடத்தில் நீங்களும் இருக்க வேண்டாம். மூன்று நான்கு பேராகப் போங்கள், போனைப் பைக்குள் வையுங்கள், தாலிக்கொடி தவிர மற்ற நகையை வீட்டில் வையுங்கள். ஜூன், ஜூலையில் மழை குறைவு, வெயிலும் இதமாக இருக்கும், நடக்க அதுதான் சரியான காலம். ஆனால் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். மூன்றரைக்கு ஆற்று முகத்தை விட்டால்தான் சன்கோஸ்டில் வெளிச்சத்தோடு வண்டி ஏறலாம்.

கங்கையம்மன் பூஜைக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. வாழை இலை, பூ, வெற்றிலை சரி. கற்பூரம் வந்த பிளாஸ்டிக் உறை, எண்ணெய்ப் பாட்டில், சாமி படத்துச் சட்டம் இதெல்லாம் ஆற்றுக்கு எதற்கு? கொண்டுவந்த பையிலேயே திருப்பி எடுத்துப் போகலாம்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு உம்ஷ்லாங்கா இருக்கிறது. டவுனிலிருந்து டாக்சி போகும். கலங்கரை விளக்கத்துப் பக்கம் இறங்கி, நடைபாதையில் வடக்கே அது முடியும் வரை போனால் ஓஷ்லாங்கா ஆற்றின் கழிமுகம். கரையோரக் காட்டுக்குள் நிழலான பாதை, குரங்கு உண்டு, கையில் தின்பண்டம் தெரியக் கூடாது. ஆற்று வாயை மணல்மேடு அடைத்திருக்கும் காலமும் உண்டு. அப்போது தண்ணீர் தேங்கிப் பாதை சகதியாகிவிடும், செருப்பு உதவாது, ஷூ போடுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் மேலே ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, விஷம் இந்த ஆற்றில் இறங்கி மீனெல்லாம் செத்தது. அதனால் இங்கே பிடித்த மீனை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திரும்பும் டாக்சிக்கு ஞாயிறுகளில் நிறையக் காத்திருக்க வேண்டிவரும். சனிக்கிழமை காலையில் போய்விட்டு மத்தியானத்துக்குள் டவுன் வந்துவிடுங்கள்.