அராஷியாமா: மூங்கில் பாதை மட்டும் போதாது
ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள அராஷியாமா பகுதியைப் பற்றிய பயணக் கட்டுரையில், நேரம் குறைவென்றால் மூங்கில் காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்தப் பாதை சில நூறு மீட்டர்தான், பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கக்கூட இடமிருக்காது. காலை 8.30க்குத் திறக்கும் தென்ரியூஜி கோயில் தோட்டத்துக்கு முதலில் போங்கள். 14ஆம் நூற்றாண்டில் முசோ சொசெகி என்ற ஜென் துறவி அமைத்தது. குளக்கரையில் நின்றால் எதிரே உள்ள மலையும் தோட்டத்தோடு சேர்ந்தே தெரியும்; நான் போனபோது மீன் புரளும் சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி! அதன் வடக்கு வாசல் நேராக மூங்கில் பாதையில்தான் திறக்கிறது, ஒரே நடையில் இரண்டும் முடிந்துவிடும். அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் அங்குள்ள குரங்குப் பூங்காவையும் சேர்க்கச் சொன்ன நண்பருக்கு: அதற்கு மலையேற வேண்டும், அவசரத்தில் வேண்டாம், அந்த நேரத்தில் தொகெட்சு பாலத்தில் நிதானமாக நடக்கலாம்.