ஸ்ட்ரிங் தியரி செத்துப்போச்சுன்னு பிள்ளைகளிடம் சொல்லாதீங்க

எல்லாத் துகள்களும் மிக நுண்ணிய இழைகளின் அதிர்வுதான் என்று சொல்லும் இயற்பியல் கோட்பாடுதான் ஸ்ட்ரிங் தியரி. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு "ஸ்ட்ரிங் தியரி எல்லாம் முடிஞ்சுபோன கதை, அதைப் போய் படிப்பாங்களா" என்று பேசுபவர்கள் நம்ம கிருஷ்ணகிரியிலும் இருக்கிறார்கள். பேசட்டும். ஆனால் இயற்பியல் படிக்க ஆசைப்படும் பிளஸ் டூ பிள்ளையிடம் போய் அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

அவர்கள் பக்கமும் உண்மை இருக்கிறது. ஜெனீவா பக்கத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும், துகள்களை மோதவிடும் எந்திரமான எல்எச்சியில் 2012-இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது. ஆனால் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்று ஸ்ட்ரிங் தியரிக்காரர்கள் பலரும் எதிர்பார்த்த சூப்பர்சிமெட்ரி துகள்களில் ஒன்றுகூட இன்னும் சிக்கவில்லை.

ஆனால் அந்தத் துறையில் வேலை நின்றுவிடவில்லை. கருந்துளை மெல்ல மெல்ல ஆவியாகும் என்றார் ஹாக்கிங். அவர் கணக்குப்படி வெளிவரும் கதிர்வீச்சின் என்ட்ரோபி, அதாவது அதில் நமக்குத் தெரியாமல் போகும் தகவலின் அளவு, கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். குவாண்டம் விதிகள் சரி என்றால் அது ஒரு கட்டத்தில் திரும்பி இறங்கியே ஆக வேண்டும் என்று 1993-இல் இயற்பியலாளர் டான் பேஜ் காட்டினார். இரண்டில் எது சரி என்று வருஷக்கணக்கில் இழுத்த விவகாரத்தில், 2019-இல் பெனிங்டன் தனியாகவும், ஆல்மெய்ரி, எங்கெல்ஹார்ட், மாரொல்ஃப், மாக்ஸ்ஃபீல்ட் நால்வரும் சேர்ந்து தனியாகவும், பேஜ் சொன்ன அந்த இறக்கத்தைக் கணக்குப் போட்டே எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு வெளிக்குள் நடக்கும் ஈர்ப்பு விஷயங்களை அதன் எல்லையில் நடக்கும் குவாண்டம் கணக்காக எழுதலாம் என்று 1997-இல் மால்டசேனா ஸ்ட்ரிங் தியரிக்குள்ளிருந்து எடுத்த யோசனைதான். இதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை, பெங்களூருவில் கோட்பாட்டு அறிவியல் ஆராய்ச்சி மையமான ஐசிடிஎஸ்ஸில் சுவ்ரத் ராஜு, கருந்துளைக்கு உள்ளே இருக்கும் தகவல் வெளியிலும் ஏற்கெனவே இருக்கிறது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு!

சோதனையில் கிடைக்காவிட்டால் எல்லாம் வீண் என்பவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயலை, அதாவது கேஜிஎஃப்பை நினைத்துப் பார்க்கட்டும். தமிழ் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. அங்கே 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965-இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர்காரர்கள் ஜப்பான், இங்கிலாந்து ஆட்களோடு சேர்ந்து, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவை, வளிமண்டலத்தில் உருவாகி வந்ததை, பிடித்தார்கள். அப்புறம் 1980-களில் இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே துகள்களைப் பதிவு செய்யும் கருவிகளை வைத்து, புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்தார்கள். சிதையும் என்று சொன்னது வெறும் பேப்பரில் போட்ட கணக்கு. சிதைந்தது மாதிரி தெரிந்த சில நிகழ்வுகளும் பிறகு உறுதியாகவில்லை. இன்று ஜப்பானில் நிலத்தடியில் இருக்கும் சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக் கருவி, ஒரு வகைச் சிதைவுக்கு மட்டும் புரோட்டானின் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழியம் போட்ட வருஷங்களைவிட அதிகம் என்கிறது. துகள்களுக்கிடையிலான விசைகளை ஒன்றாக்கி 1974-இல் வந்த எளிமையான ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை, இப்படிக் காத்திருந்து கிடைத்த முந்தைய எண்களை வைத்தே தள்ளிவைத்தார்கள். இதற்குப் பெயர் வீணா?

இந்தத் துறையில் வேலை கிடைப்பது கஷ்டம், அதைப் பிள்ளையிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் இலவசம், ஐசிடிஎஸ் வகுப்புகள் யூடியூபிலேயே இருக்கின்றன, சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். முதலில் லீனியர் அல்ஜீப்ராவை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள், குவாண்டம் மெக்கானிக்ஸுக்கு அதுதான் அடிப்படை.