பல்லைக் கடித்தாலும் கவனம் ஏறும்

மூளையின் மின் அலைகளை அளக்கும் தலைப்பட்டையை மாட்டினால் மாணவரின் கவனம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை. வேகமான பீட்டா அலையின் வலுவை, அதைவிட மெதுவான ஆல்ஃபா, தீட்டா அலைகள் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது வழக்கமான கணக்கு. 1995-இல் நாசா ஆய்வாளர்கள் கையாண்டது. சிக்கல் பீட்டாவில்தான். மூளையிலிருந்து வருவது மைக்ரோவோல்ட் அளவிலான சன்னமான சிக்னல். தாடைத் தசை இறுகினால் அதன் மின்சாரமும் பீட்டாவின் அதே 13–30 ஹெர்ட்ஸில் வந்து கலந்துவிடும். ஒருமுறை மாட்டிப் பார்த்தேன்: சும்மா பல்லைக் கடித்ததும் எண் எகிறியது! அப்புறம் கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டேன், இறங்கிவிட்டது. கண்ணை மூடினால் ஆல்ஃபா கூடும்; அது வகுக்கும் பக்கம் இருப்பதால் விடை குறையும். கண்ணை மூடினால் ஆல்ஃபா கூடுவது, மனித மூளை அலைகளை முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஒரே ஆளை, ஒரே வேலையில், நேரத்துக்கு நேரம் ஒப்பிடுவது சரி. இரண்டு மாணவர்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதெல்லாம் ரொம்ப அதிகம்.