காது கேளாத பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் இடமில்லையா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "காது கேளாத பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் காது கேட்கும் கருவி மாட்டி முன்னால் உட்கார வைத்தால் போதும்." இரண்டுமே தவறு.

உடற்குறையைக் காரணம் காட்டிப் பொதுக்கல்வியிலிருந்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 28. பள்ளி தயங்கினால் மாவட்டக் கல்வி இலாகாவில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

அடுத்தது கருவி. அது ஒலியைக் கூட்டும். மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தேதான் கூட்டும். தகரக் கூரையில் மழை கொட்டினால் பேச்சு அமுங்கிவிடும், அந்நேரம் பலகையில் எழுதுவதே வழி. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்பதும் பாதிதான் உண்மை. 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். கத்திப் பேசினாலோ வாயசைவே கோணிப்போகும்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, காலையில் ஆசிரியர் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், அடுத்து காதச்சின் (காதுக்குள் பொருந்தும் அச்சின்) குழாயை. நம் ஊர்ப் புழுக்கத்தில் குழாய்க்குள் நீர்த்துளி நின்று ஒலியை அடைத்துவிடும். ஊதுபந்தால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பந்தால்) ஊதி எடுங்கள், முடி உலர்த்தி வேண்டாம். இரவில் கருவியை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

இருக்கை? இரண்டாம் வரிசை ஓரம், சன்னலுக்கு முதுகு காட்டி. கேள்வி கேட்கும் நண்பனின் முகமும் தெரிய வேண்டுமே.