லிஸ்பனில் 3 நாள்: மதியச் சாப்பாட்டிலிருந்து திட்டம் போடுங்கள்

லிஸ்பன் போகிறவர்கள் போடும் திட்டத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். காலையில் கோட்டை, பிறகு தேவாலயம், பிறகு டிராம், மதியம் ‘போகிற வழியில் ஏதாவது’, ராத்திரிக்கு ‘நல்ல ஹோட்டல்’. இந்த ஊருக்கு இது ஒத்தே வராது. லிஸ்பனில் நல்ல சாப்பாடு மதியம்தான் கிடைக்கும், விலையும் அப்போதுதான் குறைவு. எந்த நாள் மதியம் எந்தப் பேட்டையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வையுங்கள்.

தாஸ்கா என்று அங்கே சொல்வது தெருவோரத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடையை. பத்துப் பன்னிரண்டு மேஜை, கதவுக் கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள். அந்தத் தாளில் இருப்பதுதான் ‘பிராத்து து தீயா’, அதாவது அன்றைய சாப்பாடு. அக்கம்பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்காக அன்று காலை ஆக்கியது. பெரும்பாலும் 10 முதல் 13 யூரோவுக்குள் முடிந்துவிடும், சில கடைகளில் சூப்பும் காபியும் அதிலேயே சேர்த்தி. பகல் 12.30க்குப் போனால் இடம் கிடைக்கும். 1 மணிக்கு மேல் கூட்டம். 2.30க்குப் போனால் தாளில் பாதி அயிட்டத்தை அடித்திருப்பார்கள். 3 மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மாலை 7, 7.30க்குத்தான். இது தெரியாமல் 4 மணிக்குப் பசியோடு அலைந்தால், ருவா அகுஸ்தா என்ற கடைவீதிப் பக்கம் படம் போட்ட மெனுவோடு வாசலில் நின்று கூப்பிடும் கடைகள்தான் மிச்சம். அங்கே கொடுக்கும் காசுக்கு தாஸ்காவில் இரண்டு பேர் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை பல தாஸ்காக்கள் லீவு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே பிரெட், வெண்ணெய், ஆலிவ், சில இடத்தில் பாலாடைக்கட்டி எல்லாம் வந்து மேஜையில் இறங்கும். இதற்குப் பெயர் ‘கூவேர்’. இது இலவசம் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை, அந்த ஊர் வழக்கம். வேண்டாமென்றால் தொடாமல் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கை காட்டினால் போதும். கேட்காமல் வைத்து, நாம் தொடாமலும் விட்ட பொருளுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது போர்ச்சுகல் சட்டம். ஆனால் ஒரு ஆலிவைக் கடித்துவிட்டால் தட்டு நம் கணக்கு.

மெனுவில் ஒரே அயிட்டத்துக்கு இரண்டு விலை போட்டிருந்தால் ஒன்று ‘மெய்யா தோஸ்’, அரைப் பங்கு. மற்றது ‘தோஸ்’, முழுப் பங்கு. ஒருவருக்கு அரைப் பங்கே தாராளம். முழுப் பங்கை இரண்டு பேர் சாப்பிடலாம். கண்ணாடிப் பெட்டியில் ஐஸ் மேல் படுத்திருக்கும் மீனுக்கு மட்டும் விலை கிலோக் கணக்கில். மீனைக் கை காட்டுவதற்கு முன் எடை போடச் சொல்லி மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

என்ன சாப்பிடலாம்? முதல் நாள் ‘பக்கல்யாவ் ஆ பிராஷ்’ வாங்குங்கள். பக்கல்யாவ் என்றால் உப்புக் கண்டம் போட்ட காட் மீன். போர்ச்சுகல் கடலில் அந்த மீன் இல்லை, நார்வே, ஐஸ்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது. அதை ஒன்று இரண்டு நாள் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவார்கள். பிறகு நார் நாராகப் பிய்த்து, வெங்காயம், பூண்டோடு வதக்கி, தீக்குச்சி மாதிரி சீவிப் பொரித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, கடைசியில் முட்டையை ஊற்றி ஒரு புரட்டு. முட்டை இன்னும் ஈரமாக, எல்லாவற்றின் மேலும் பூசினாற்போல இருக்க வேண்டும். உதிர் உதிராகக் காய்ந்திருந்தால் அது முன்பே செய்து வைத்துச் சூடு பண்ணியது. நாக்கில் உப்பு கரித்தால் சரியாக ஊறவில்லை. தட்டு வந்ததும் முட்டையைப் பாருங்கள், அந்தக் கடையின் தரம் தெரிந்துவிடும். தணலில் சுட்ட மத்தி மீனுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பருவம். குளிர்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஃப்ரீஸர் சரக்கு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். ‘கால்து வேர்த்’ என்ற கீரை சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். ‘சாய்ன்’ கார்ன், ‘சாய்ன்’ பெய்ஷ் (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். ‘பெய்ஷீனியூஸ் த ஓர்த்தா’ என்று மெனுவில் இருந்தால் விடாதீர்கள். பெயருக்குத் ‘தோட்டத்து மீன் குஞ்சுகள்’ என்று பொருள், தட்டில் வருவது பீன்ஸ் பஜ்ஜி. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பேக்கரிகளில் ‘ஷமூசா’ என்று இருப்பது கோவா வழியாகப் போன நம் சமோசாதான், ஆனால் உள்ளே பெரும்பாலும் இறைச்சி. கொத்தமல்லித் தழையை இவ்வளவு தாராளமாகப் போடும் ஊரை ஐரோப்பாவில் தேடத்தான் வேண்டும். அது போட்ட சூப்பைக் குடிக்கும்போது நம் ஊர் ஞாபகம் வரும்.

இனி சுற்றுவது. ஊர் முழுக்க மேடும் பள்ளமும். ஏறி ஏறிப் பார்க்காதீர்கள், உச்சிக்கு வண்டியில் போய் இறங்கி இறங்கிப் பாருங்கள். முதல் நாள் காலை செஞோரா து மோந்த்தி என்ற உச்சியில் தொடங்கலாம். காலை வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் ஊரும் ஆறும் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து கிராசா, போர்த்தாஸ் து சோல், பழைய பேட்டையான அல்ஃபாமாவின் சந்துகள், சே தேவாலயம் என்று இறக்கத்திலேயே 12.30 மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்து சேரலாம். 1755 நவம்பர் 1 பூகம்பத்தில் கீழே பாய்ஷா பகுதி அழிந்து, பிறகு நேர்க்கோட்டுத் தெருக்களாகக் கட்டப்பட்டது. அல்ஃபாமா பெரிய சேதமில்லாமல் தப்பியது. கோணல் சந்திலிருந்து சதுரத் தெருவுக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். அதே பூகம்பத்தில் கூரை போன கார்மு மடத்தை அன்று மாலை பார்க்கலாம். கோட்டை மட்டும் போதும் என்றால் பிராசா த ஃபிகெய்ராவிலிருந்து 737 என்ற சின்னப் பேருந்து வாசல் வரை போகும்.

28ஆம் எண் டிராமுக்காக மார்த்திம் மொனீஸில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதை நான் வேண்டாம் என்பேன். உள்ளே உட்கார 20 இருக்கை, மிச்சம் பேர் நின்றபடி, ஜன்னல் கூடத் தெரியாது, பிக்பாக்கெட்டுக்கும் பேர் போனது. ஏறியே ஆக வேண்டுமென்றால் காலை 9 மணிக்கு முன் மறு முனையான காம்ப்பு த ஓரிக்கில் ஏறுங்கள். பழைய கேபிள் வண்டிகளை நம்பியும் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள், அதற்குப் பின் மற்ற கேபிள் வண்டிகளையும் நிறுத்தினார்கள். ஓடினால் பார்த்துக்கொள்ளலாம்.

பயண அட்டையின் பெயர் நவெகாந்த், 50 சென்ட், ஆளுக்கு ஒன்று கட்டாயம். 24 மணி நேர பாஸ் 7 யூரோவை ஒட்டி இருக்கும். நேரம் முதல் தடவை தொட்ட கணத்திலிருந்து ஓடுவதால், மாலையில் தொடங்கினால் மறுநாள் மாலை வரை வரும். அதே அட்டையில் ‘ஸாப்பிங்’ பணம் (முன்கூட்டி ஏற்றி வைத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் கழியும் பணம்) மிச்சமிருந்தால் பாஸ் ஏறாது, மெஷின் மறுத்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு அட்டை. தங்கும் இடத்தில் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரியும் தனியாகக் கேட்பார்கள்.

இரண்டாம் நாள் ஊரின் மேற்கே ஆற்றோரப் பகுதியான பெலேம். திங்கட்கிழமை வேண்டாம், ஜெரோனிமோஸ் மடாலயம் அன்று விடுமுறை. வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருப்பது மடத்தை ஒட்டிய தேவாலயத்தில், அதற்குத் தனி வாசல். நீளமான வரிசை உள் முற்றத்துக்கானது, அதற்கு டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுங்கள். நமக்கு இந்த ஊரோடு வேறு ஒரு கணக்கும் உண்டு. ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி எல்லாம் இங்கிருந்து வந்த சொற்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இந்த லிஸ்பனில்தான், 1554இல், ரோமன் எழுத்தில்.

பெலேமில் 1837 முதல் நடக்கும் பஷ்டேய்ஸ் த பெலேம், முட்டைக் கஸ்டர்டு நிரப்பிய சின்ன டார்ட்டுக்கான கடை. வெளியே நிற்கும் வரிசை பார்சலுக்கு. உள்ளே அறை அறையாக நிறைய இடம் இருக்கிறது, நேரே போய் உட்காருங்கள். மற்றக் கடைகளில் இதே பண்டத்துக்குப் பெயர் பஷ்டேல் த நாட்டா. வாங்கியதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள், நத்தை ஓடு மாதிரி சுழி தெரியும். வெண்ணெய் மடித்த மாவைப் பாய் போலச் சுருட்டி, துண்டு போட்டு, கட்டைவிரலால் அச்சில் அழுத்திப் பரப்புவதால் வரும் சுழி அது. மேலே இருக்கும் கரும்புள்ளி சமையல் தவறால் அல்ல, பலமான சூட்டில் முட்டைக் கரு திரிவதற்குள் மேற்பரப்பு கருகி எழுவதால் வருவது. பட்டைத் தூள் தூவி, சூடாக, அங்கேயே சாப்பிடுங்கள். ரூமுக்கு ஆறு வாங்கிப் போனால் கருவின் ஈரம் மாவில் இறங்கி ராத்திரிக்குள் சவசவத்துவிடும்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரான சின்ட்ரா. திங்கட்கிழமை சிக்கினால் அன்று இதை வையுங்கள், அங்குள்ள பேனா அரண்மனை அன்றும் திறந்திருக்கும். ரோசியூ நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடம். இங்கே தவறுவது ஒரே விஷயம்தான்: டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் அரண்மனைக் கட்டிடத்துக்குள் நுழைவதற்கான நேரம். பூங்கா வாசலிலிருந்து அங்கே ஏறவே அரை மணி ஆகும். பிந்தினால் உள்ளே விட மாட்டார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது பூங்கா வாசலில் இருங்கள்.

கடைசி மாலைக்குக் காசு அதிகம் வேண்டாம். காய்ஸ் து சோத்ரே படகுத்துறையிலிருந்து அக்கரை காசில்யாஸுக்கு 10 நிமிடப் படகு, ஸாப்பிங் அட்டையே போதும். அங்கிருந்து 1966இல் கட்டிய சிவப்புப் பாலமும் எதிர்க்கரையில் ஊரும் தெரியும். பிடிமானமுள்ள ரப்பர் அடி ஷூ போட்டுக்கொள்ளுங்கள், மழை பட்டால் அந்த ஊர் நடைபாதைச் சுண்ணாம்புக் கல் சோப்பு போல வழுக்கும்.